‘இறைவனடி’ என்று நன்றாகத் தெரிந்தும் கை ‘இரைவனடி’ என்று அடித்தது ஏன்?

கேள்வி: கோபி டைப்பிங்காரம்மா

வணக்கம்ங்க. கோபிசெட்டிபாளையத்தில் பதினேழு வருஷமாகத் தமிழ் டைப்பிங் வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் நோம்பி நோட்டீஸ், வீட்டுமனை விளம்பரம், கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் என்று ஒரு நாளைக்கு எப்படியும் பத்துப் பன்னிரண்டு வேலை வரும். பத்தாம் வகுப்பில் தமிழில் 94 மதிப்பெண். தமிழ் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் இரண்டும் பாஸ். பெருமைக்காகச் சொல்லவில்லை, கேட்கப்போகும் கேள்விக்கு இது தேவைப்படுகிறது.

பத்து நாளைக்கு முன்பு விடியற்காலை ஐந்தரை மணிக்குப் போன் வந்தது. பக்கத்து ஊரில் ஒரு பெரியவர் ராத்திரி இறந்துவிட்டார், ஒன்பது மணிக்குள் ஃபிளெக்ஸ் வேண்டும் என்றார் மகன். போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு விவரங்களை வாயால் சொன்னார். நடுநடுவே குரல் உடைந்தது. பெயர், தோற்றம், மறைவு, மகன் மகள் பெயர்கள், பேரன் பேத்தி பெயர்கள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு திருப்பிப் படித்துக் காட்டினேன். ஒரு பேத்தி பெயரில் ‘ஸ்ரீ’யா ‘சிரி’யா என்றுகூடக் கேட்டுத் திருத்தினேன். ஆறடிக்கு நான்கடி. எட்டரை மணிக்கு ஆள் வந்து வாங்கிப்போனார்.

நேற்று அதே மகன் பதினாறாம் நாள் காரியத்துக்குக் கார்டு அடிக்க வந்தார். விவரம் எல்லாம் கொடுத்து முடித்துவிட்டு, கிளம்பாமல் நின்றார். “ஏனுங்க அம்மணி, ஒண்ணு சொன்னாத் தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே” என்று ஆரம்பித்தார். அவர் மகள் ஏழாவது படிக்கிறாளாம். ஊர்முனையில் கட்டியிருந்த ஃபிளெக்ஸைப் படித்துவிட்டு, “இரைன்னா கோழிக்குப் போடறதுதானுங்க அப்பா, தாத்தாவுக்கு எதுக்கு அதப் போட்டிருக்குது?” என்று கேட்டிருக்கிறாள்.

‘இரைவனடி சேர்ந்தார்.’ பெரிய எழுத்தில், போட்டோவுக்கு நேர் கீழே.

அவர் கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். “சாவு வீட்டுல யாருங்க அதப் பாக்கறா, விடுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆனால் பார்த்திருக்கிறாளே அந்தக் குழந்தை.

இனிதான் என் கேள்வி. எனக்கு ‘இறைவன்’ எழுதத் தெரியாதா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வல்லின ற என்று சொல்லுவேன். விரல் தவறிவிட்டது என்றும் சொல்ல முடியாது. நான் அடிப்பது பழைய டைப்ரைட்டிங் முறை. அதில் ற மேல்வரிசையில் இடது கைப் பக்கம், ர அதே வரிசையில் வலது கைப் பக்கம். ஒரு கை செய்ய வேண்டியதை இன்னொரு கை செய்திருக்கிறது என்றால் அது விரல் தப்பு இல்லை. உள்ளே வேறு எதுவோ நடந்திருக்கிறது.

ராத்திரி உட்கார்ந்து பழைய ஃபைல்களைத் திறந்து பார்த்தேன். ‘பணிவண்புடன் அழைக்கிறோம்’ என்று ஒன்று. ‘செக்கு எண்ணை’ என்று ஒன்று. ‘சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்’, ‘முயற்ச்சி திருவினையாக்கும்’. எதையும் யாரும் சொன்னதில்லை. ஆனால் ‘ஜீர்ணோத்தாரண அஷ்டபந்தன மகா கும்பாபிஷேகம்’ என்று எத்தனையோ கோயில்களுக்கு அடித்திருக்கிறேன், ஒன்றில்கூடத் தப்பு இல்லை. கஷ்டமான சொல் சரியாக வருகிறது, தினமும் புழங்கும் சொல் தப்பாக வருகிறது. வயசு நாற்பத்து இரண்டுதான். மறதி வரும் வயசா இது? படித்தவர்களுக்கு, வளர்ந்தவர்களுக்கு இப்படி ஏன் ஆகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பதில் 1: பெருந்துறை ஓய்வு ஆசிரியர்

அம்மணி, முப்பத்து மூன்று வருஷம் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மறதி என்று பயந்துகொள்ள வேண்டாம்.

எழுதும்போது நாம் முதலில் மனசுக்குள் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொள்கிறோம். அந்த ஓசையைத்தான் கை எழுத்தாக்குகிறது. ‘படி’, ‘மடி’ என்றால் ஓசையே எழுத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். ‘இறை’, ‘இரை’ அப்படி இல்லை. நம் பக்கத்துப் பேச்சில் இரண்டும் ஒரே ஓசை. காது இரண்டு எழுத்தையும் ஒன்றாகவே நீட்டுகிறது, எதை எடுப்பது என்று கண்ணின் நினைவுதான் சொல்ல வேண்டும். அவசரத்திலோ துக்கத்திலோ கண்ணின் நினைவு ஒரு நொடி பிந்தினால் கை கிடைத்ததை எடுத்துக்கொண்டு போய்விடும். குழந்தைக்குத் தெரியாததால் பிழை வரும். பெரியவர்களுக்கு வேகத்தால் வரும்.

இரண்டு ஓசையும் ஒரு காலத்தில் தெளிவாக வேறாகவே இருந்தவை. நுனிநாக்கு மேலண்ணத்தை வருடினால் ர பிறக்கும், அழுத்தமாகப் பொருந்தினால் ற பிறக்கும் என்று நன்னூல் பிரித்துச் சொல்கிறது. அதை எழுதிய சமணரான பவணந்தி முனிவர் எங்களுக்குப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று இங்கே சொல்வதுண்டு. விசயமங்கலத்தில் பழைய சமணக் கோயில் இன்னும் இருக்கிறது, நேரம் கிடைத்தால் போய்ப் பாருங்கள். பொள்ளாச்சிச் சந்தைக்கு வரும் பாலக்காட்டுக்காரர்கள் மலையாளம் பேசும்போது காது கொடுத்துக் கேளுங்கள், ர வேறு ற வேறு என்று இன்றும் கேட்கும். நம் வாயில் அது கலந்துவிட்டது, எழுத்தில் மட்டும் நிற்கிறது. ல, ள, ழ கதையும் இதுதான். ‘வாழைப்பழம்’ என்று எழுதும் எத்தனை பேர் அப்படியே சொல்கிறோம்?

எங்கள் ஊர்ப் பெயரையே பாருங்கள். துறை என்றால் இறங்குதுறை. துரை என்றால் பிரபு. நாளும் ‘பெருந்துரை’ என்று எங்காவது ஒரு போர்டில் பார்த்துவிடுகிறேன். எழுதியவர் இந்த ஊரிலேயே பிறந்தவராக இருப்பார்.

ன, ண குழப்பத்துக்குப் பேச்சே வழி செய்கிறது. ‘மூன்று’ என்பதை மூணு என்கிறோம், ‘ஒன்று’ என்பதை ஒண்ணு என்கிறோம். வாயில் ண இருப்பதால் எழுதும்போது ‘மூண்று’ என்று கை போகிறது. இதற்கு ஒரு நல்ல பிடி உண்டு. மூணு சுழி ண, ரெண்டு சுழி ன என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தோம், அது உருவத்தைச் சொல்லுமே தவிர இடத்தைச் சொல்லாது. டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்று சொல்லிப் பழகினால் இடமே பெயரில் வந்துவிடும். ட-வுக்கு முன்னால் ண் (வண்டி), ற-வுக்கு முன்னால் ன் (கன்று), த-வுக்கு முன்னால் ந் (பந்து). சொல்லின் முதலில் வருவது எப்போதும் ந. அது தவிர, நடுவில் ந வருவது ‘வெந்நீர்’, ‘முந்நூறு’ போன்ற கூட்டுச் சொற்களிலும் சில வடசொற்களிலும்தான். அவிநாசி பஸ்ஸில் சில சமயம் ‘அவினாசி’ என்று இருப்பது இந்தக் குழப்பத்தால்.

நீங்கள் காட்டிய மற்ற பிழைகளில் இரண்டு வேறு ஜாதி. ‘சுவற்றில்’ என்பது அறிந்தவர் செய்யும் பிழை. கிணறு கிணற்றில் ஆகிறது, வயிறு வயிற்றில் ஆகிறது, அந்தப் பழக்கத்தில் சுவரையும் சுவற்றில் ஆக்கிவிடுகிறோம். அது ‘சுவரு’ என்று பேச்சில் நீள்வதும் ஒரு காரணம். சுவர் என்பதற்கு ‘சுவரில்’தான். ‘முயற்ச்சி’யில் காது ஒரு ச்-ஐக் கூடுதலாகக் கேட்கிறது. ற் என்னும் ஒற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு ஒற்று நிற்காது, ட்-டும் அப்படியே. ‘அதற்க்கு’ என்று எழுதுகிறவர்களுக்கும் இந்த ஒரு விதி போதும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் பள்ளியில் படித்தபோது லை, னை, ணை எல்லாம் யானைத் துதிக்கை மாதிரி மேலே வளைந்த கொம்போடு இருக்கும். நம் ஈரோட்டுப் பெரியார் 1935-லேயே தன் பத்திரிகையில் அதை மாற்றி எழுதத் தொடங்கினார். அரசு ஏற்றது 1978-ல்தான், எம்.ஜி.ஆர். ஆட்சியில். அப்போது எனக்கு இருபது தாண்டிவிட்டது. புது எழுத்தைத்தான் வகுப்பில் சொல்லிக் கொடுத்தேன், மனசார ஏற்றுக்கொண்டுதான். ஆனால் கரும்பலகையில் வேகமாக எழுதும்போது பல வருஷம் வரை பழைய ‘னை’ வந்து விழும். பிள்ளைகள் “ஐயா, அது என்ன எழுத்துங்க?” என்பார்கள். சிறுவயதில் கைக்குள் போனது அவ்வளவு சீக்கிரம் வெளியே வராது.

மனப்பாடம் செய்ய வேண்டியது தனிச் சொல்லை அல்ல, குடும்பத்தை. இறை, இறைவன், இறைவி, இறையாண்மை ஒரு குடும்பம். இரை, இரைப்பை இன்னொரு குடும்பம். அந்தக் குழந்தைக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். அவளுடைய ஆசிரியர் நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

---

பதில் 2: பனியன் மெர்ச்சண்டைசர், திருப்பூர்

அக்கா, எனக்கு வயசு இருபத்தொன்பது. என் பிழைக்குக் காரணம் எனக்குத் தெரியும், நான் தமிழ் எழுதுவதே இல்லை. பிளஸ் டூவோடு சரி. வேலை முழுக்க இங்கிலீஷ் மெயில். வீட்டு குரூப்பில் ‘சாப்ட்டாச்சா’ என்பதையும் இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிக்கிறேன். அதில் ல, ள, ழ எதுவும் கிடையாதே. கையால் ஒரு பக்கம் தமிழ் எழுதிப் பத்து வருஷம் ஆகிறது.

தமிழில் அடிக்கிறபோதும் இங்கிலீஷ் எழுத்தை வைத்து ஒலிப்படிதான் அடிப்பேன். சின்ன ஆர் அடித்தால் ர, ஷிஃப்ட்டைப் பிடித்து ஆர் அடித்தால் ற. சின்ன எல் என்றால் ல, பெரிய எல் என்றால் ள. ஷிஃப்ட் அரை நொடி தவறினால் ‘பள்ளி’ ‘பல்லி’ ஆகிவிடும். போன் தானே காட்டும் சொல்லும் சில சமயம் தப்பாகவே இருக்கும், ஒரு தடவை தப்பாக அடித்ததை அது நினைவு வைத்து அடுத்த தடவை முதல் ஆளாக நீட்டும். உங்கள் முறையில் இரண்டு எழுத்துக்கும் இரண்டு கை என்று படித்ததும் ஆச்சரியமாக இருந்தது. தமிழ்99 விசைப்பலகையிலும் ர கீழ்வரிசை, ற மேல்வரிசை. நான் இந்த வாரமே அதைப் பழகப் போகிறேன்.

---

பதில் 3: புரூப் பார்த்தவன், கோவை

ஐயா சொன்ன காரணம் சரி. அதனோடு தொழில் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். பிழை வந்தது ஏன் என்பதைவிட, வந்த பிழை உங்கள் கண்ணுக்குப் படாமல் ஆறடி ஃபிளெக்ஸில் எப்படிப் போனது என்று பாருங்கள்.

நான் 1980-களில் ஈய எழுத்துக் காலத்தில் கம்பாசிட்டராக (அச்செழுத்துக் கோப்பவராக) சேர்ந்தேன். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சின்ன அறை. அச்சடித்து முடித்ததும் எழுத்துகளைப் பிரித்து அதனதன் அறையில் திருப்பிப் போட வேண்டும். சாயங்காலம் அசதியில் யாராவது ள-வை ல அறையில் போட்டுவிட்டால், மறுநாள் காலையில் எந்தத் தப்பும் செய்யாத இன்னொருவர் கையில் பிழை முளைக்கும். அதனால் புரூப் (பிழை பார்க்க எடுக்கும் மாதிரி அச்சு) எடுக்காமல் எதுவும் மெஷினுக்குப் போகாது. ஒருவர் கையெழுத்துப் பிரதியை வாய்விட்டுப் படிப்பார், இன்னொருவர் அச்சைப் பார்ப்பார். நான்கு கண், ஒரு வாய்.

உங்கள் விஷயத்தில் பிரதியே இல்லை. எல்லாம் போனில் வந்தது. பெயர்களை அவரிடம் திருப்பிப் படித்தீர்கள், அதனால் பெயர்கள் பிழைத்தன, ‘ஸ்ரீ’கூடச் சரியாக வந்தது. ‘இறைவனடி சேர்ந்தார்’ என்பதை அவர் சொல்லவில்லை, நீங்களும் படித்துக் காட்டவில்லை. அது இருவர் மனசிலும் ஏற்கெனவே இருந்த வரி. ஆயிரம் தடவை அடித்த வரியைக் கண் படிக்காது. முதல் எழுத்தையும் நீளத்தையும் பார்த்துவிட்டு, மிச்சத்தை மனசிலிருந்து எடுத்து நிரப்பிக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடும். கும்பாபிஷேக வரி சரியாக இருப்பதற்குக் காரணமும் இதுதான், அங்கே ஒவ்வொரு தடவையும் நின்று நிதானித்து அடிக்கிறீர்கள். அந்தக் குழந்தைக்கு அந்த வரி புதுசு. அவள் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள், எழுதியிருந்ததைப் படித்தாள். நாம் எழுத நினைத்ததைப் படிக்கிறோம்.

நான் செய்வதைச் சொல்கிறேன். அடித்ததைத் திரையில் பார்க்காமல் ஒரு தாளில் எடுத்துவிடுவேன். கடைசி வரியிலிருந்து மேலே ஏறுவேன். அப்படிப் படித்தால் அடுத்த சொல் என்ன என்று மனசால் முந்திக்கொள்ள முடியாது. அவசர வேலை என்றால் எழுத்துருவை மாற்றிப் பெரிதாக்கிப் பார்த்தாலே போதும், பழகிய வரி அந்நியமாகத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேல், வழக்கமான வரிகளைத்தான் முதலில் பார்ப்பேன். ‘கண்ணீர் அஞ்சலி’, ‘நல்வரவு’, ‘தங்கள் அன்புள்ள’. அங்கேதான் பிழை ஒளிந்திருக்கும்.

விடியற்காலை ஐந்தரைக்கு, அழுகிறவர் குரலைக் காதில் வைத்துக்கொண்டு அடித்திருக்கிறீர்கள். அதையும் கணக்கில் எடுங்கள்.

---

பதில் 4: வெள்ளகோவில் பேத்தி

இந்தத் திரியை மூன்று தடவை படித்துவிட்டேன். காரணம் சொல்ல எனக்குத் தெரியாது, என்னிடம் ஒரு கடிதம் இருக்கிறது.

என்ற அமுச்சி (அம்மாவைப் பெற்றவர்) பள்ளிக்கூடம் போனதே இல்லை. 1990-களில் அறிவொளி வகுப்பு ஊருக்குள் வந்தபோது ஐம்பது வயசு தாண்டித்தான் எழுத்துப் படித்தார். பகலெல்லாம் காட்டு வேலை, எருமைக்குத் தண்ணி காட்டிவிட்டு, ரவைக்குக் கோயில் திண்ணையில் ட்யூப்லைட்டுக்கு அடியில் உட்காருவாராம். நான் ஹாஸ்டலில் இருந்தபோது ஒரே ஒரு கடிதம் போட்டார். கோடு போட்ட நோட்டுத் தாள், பென்சில். எழுத்து ஒவ்வொன்றும் கடலைக்காய் அளவுக்குப் பெரிசு. அழுத்தி எழுதியதில் தாளின் பின்பக்கம் தடவினால் எழுத்து விரலில் தட்டும்.

“நல்லா படி கன்னு. மல பேஞ்சுது. வெள்ளாம பரவால்ல.”

கண்ணு என்று எழுத நினைத்தார். கன்னு என்று வந்திருக்கிறது. எங்கள் கட்டுத்தரையில் கன்னுக்குட்டியையும் என்னையும் ஒரே குரலில்தான் கூப்பிடுவார். ‘மழை’ என்பதை ‘மல’ என்று எழுதினார், அவர் வாயில் அது அப்படித்தான்.

தப்பு வரட்டும் என்று சொல்லவில்லை. அந்தச் சிறுமி கேட்டது சரிதான், அக்கா வருத்தப்படுவதும் சரிதான், சாவு வீட்டு ஃபிளெக்ஸ் ஊரே பார்ப்பது. ஆனால் வயசான பிறகு எழுதப் பழகியவர்கள் இந்தப் பதில்களைப் படித்துவிட்டு எழுதவே கூசிவிடக் கூடாது. அமுச்சி மாமாவுக்கும் ஒரு கடிதம் எழுதினார். மாமா அதில் சிவப்பு மையில் திருத்திக் காட்டியதாக அம்மா சொல்லுவார். அதற்கப்புறம் அமுச்சி யாருக்கும் எழுதவில்லை. அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

---

கோபி டைப்பிங்காரம்மா (கேள்வி கேட்டவர்)

எல்லோருக்கும் நன்றிங்க. பெருந்துறை ஐயாவின் பதிலைத் தாளில் எடுத்து டேபிள் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். திருப்பூர்த் தம்பி, தமிழ்99 பழகினால் ஒரு மாதம் கழித்து எப்படி இருக்கிறது என்று இங்கேயே எழுதுங்கள். வெள்ளகோவில் அம்மணி, கடிதத்தை லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள், பென்சில் தடம் தெரியாமல் போய்விடும். பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.

கோவைக்காரர் சொன்னது எனக்கு உறைத்தது. பெயர்களை மட்டும் படித்துக் காட்டிவிட்டு, என் சொந்த வரியை யாரிடமும் படித்துக் காட்டவில்லை. அது சரியாகத்தான் இருக்கும் என்று இருந்துவிட்டேன். இப்போது போனில் விவரம் சொல்கிறவர்களிடம் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை முழுக்கப் படிக்கிறேன். ர, ற வரும் இடத்தில் எழுத்தின் பெயரையும் சொல்கிறேன். ஒரு கல்யாண வீட்டுக்காரர் “சரிங்க சரிங்க, போதுங்க” என்றார். அப்படியும் முழுசாகப் படித்துவிட்டுத்தான் போனை வைத்தேன்.

காரியக் கார்டுக்கு நேற்று புரூப் எடுத்தேன். பெரியவரின் மகனிடம், “உங்க பாப்பாவையும் கூட்டிக்கிட்டு வாங்க” என்று சொல்லியிருந்தேன். ஸ்கூல் விட்டு யூனிஃபார்மோடு வந்தாள். ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்துத் தாளைக் கொடுத்தேன். ஆள்காட்டி விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போனாள். ‘இறைவனடி’யில் விரல் நின்றது. “வல்லின றதானுங்க, சரியா இருக்குது” என்றாள். அவள் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் மூச்சு விட்டேன். விரல் இன்னும் கீழே போனது. மண்டபத்து முகவரிக்கு வந்ததும் மறுபடியும் நின்றது.

“அக்கா, பெருந்துறை ரோட்டுக்கு எந்த றங்க போடோணும்?”

குனிந்து பார்த்தேன். ஐயாவின் பதிலைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டு அடித்த கார்டு அது. ‘பெருந்துரை ரோடு’ என்று இருந்தது. சிவப்புப் பேனாவை அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன்.